முடிந்த துன்பத்துக்கு மட்டும் மேடை

பாளையங்கோட்டையில் சாட்சி என்ற சொல்லுக்கு இரண்டு விலாசங்கள். ஒன்று நீதிமன்றம். இன்னொன்று சபைகளில் நடக்கும் பெண்கள் கூட்டம். நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தவர் தான் பார்த்ததைச் சொன்னால் போதும். வழக்கு எப்படி முடியும் என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை, தெரிந்திருந்தால்தான் சந்தேகம். கூட்டத்தில் எழுந்து நிற்கும் பெண்ணுக்கு நிலைமை தலைகீழ். கதை முடிந்த பிறகே அவள் எழுந்திருக்க முடியும். கணவர் குடியை விட்டுவிட்டார், கட்டி கரைந்துவிட்டது, எட்டு வருடம் கழித்துக் குழந்தை உண்டாகியிருக்கிறது. சொல்லி முடித்து, கர்த்தருக்கு நன்றி கூறி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிடலாம். கதை முடியாதவளுக்கு அதே கூட்டத்தில் வேறொரு வேளை இருக்கிறது: ஜெப விண்ணப்பம். அதைத் துண்டுச் சீட்டில் எழுதித் தர வேண்டும். பெயர் வேண்டாம். 'ஒரு சகோதரியின் குடும்பச் சமாதானத்துக்காக' என்று எழுதினால் போதும்.

தேவனும் பங்குபெறும் காதல் நாவல்களையும், ஒரு பாதிரியாரோ பக்தியுள்ள மூதாட்டியோ கொலையாளியைக் கண்டுபிடிக்கும் துப்பறியும் நாவல்களையும் பதின்பருவத்திலிருந்து வாசித்துவருகிறேன். தமிழ்த்துறையில் இதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எனக்கு இந்த இரண்டு வகைகளும் மேற்சொன்ன இரண்டு சாட்சிகளின் பிள்ளைகளாகவே படுகின்றன. காதல் நாவல் பெண்கள் கூட்டத்தில் பிறந்தது. துப்பறியும் நாவல் நீதிமன்றத்தில் பிறந்தது. இவற்றை அக்கம்பக்கமாக வைத்துப் படித்ததில் ஒரு கேள்வி என்னைவிட்டு நீங்காமல் இருக்கிறது. துன்பத்தின் நடுவில் நிற்கிற ஒரு பெண்ணிடம், துன்பம் நல்லபடியாக முடிந்த இன்னொருத்தியின் கதையைக் கொடுப்பது அறம்தானா?

இவற்றை வாசிக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆசிரியைகள், செவிலியர், ஊழியக்காரர்களின் மனைவிமார், விடுதி மாணவிகள். நற்செய்திக் கூட்டங்களின் பந்தலோரப் புத்தக மேசையில் வாங்கியவை, வெளிநாட்டில் இருக்கும் தங்கை அனுப்பியவை, இப்போது கைபேசி வழியே கைமாறுபவை. என் பதின்பருவத்தில் எங்கள் வீட்டில் ரமணிசந்திரன் தலையணைக்கு அடியில் இருந்தார். ஜேனட் ஓக் வேதப்புத்தகத்தின் மேலேயே இருந்தார். இரண்டிலும் நாயகி கலங்குவாள், நாயகன் தப்பாகப் புரிந்துகொள்வான், கடைசியில் எல்லாம் கூடிவரும். ஒன்றில் மட்டும் இருவரும் ஜெபிப்பார்கள். அந்த ஒரு வித்தியாசத்துக்காக வீடு அதை அனுமதித்தது. வாசிக்கிற பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிற விமரிசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாப்பிட்டாயா என்றுகூட யாரும் கேட்காத ஒரு வீட்டில், வானத்தையும் பூமியையும் படைத்தவர் தன் ஒருத்தியின் திருமண வாழ்க்கையைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று ஒரு புத்தகம் சொன்னால், அது சின்ன விஷயம் இல்லை. நம் யதார்த்தவாத நாவல்களில் பெரும்பாலானவை அவளுக்கு அந்த மரியாதையைத் தந்ததில்லை.

ஆனால் இந்த வகைக் கதைகளுக்கு நாம் வாசகிகள் ஆனது பின்னால்தான். முதலில் நாம் கதைப்பொருள். பாளையங்கோட்டையில் 1895இல் தொடங்கிய பெண்கள் கல்லூரிக்கு சாரா டக்கர் என்று பெயர். அந்த ஆங்கிலப் பெண்மணி இந்தியாவுக்கு வந்ததே இல்லை. தென்னிந்திய மிஷன் ஊழியத்தைப் பற்றி இங்கிலாந்தில் இருந்தபடியே 1840களில் புத்தகம் எழுதினார். அவர் இறந்த பிறகு அவர் நினைவாகத் திரட்டிய பணம் இங்கே பெண் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியாயிற்று. அந்தக் கொடுக்கல் வாங்கலின் பலனில்தான் எங்கள் பாட்டிமார் எழுத்துக் கற்றார்கள். அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. என்றாலும் அதற்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. இங்கிருந்து பெண்களின் துன்பம் கதையாகப் போகும், அங்கிருந்து உதவி வரும், உதவியால் என்ன விளைந்தது என்று அடுத்த கதை காட்ட வேண்டும். நல்ல முடிவு அப்போதே ஒரு கணக்கு ஒப்படைப்பு ஆகிவிட்டது.

அதற்கும் முன்னால், திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்திலேயே ஒரு காதல் கதை இருக்கிறது. கிளாரிந்தா தஞ்சையிலிருந்து வந்த மராத்திய பிராமணக் கைம்பெண். பாளையங்கோட்டையில் இருந்த லிட்டில்டன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தாள். கிறிஸ்தவ மதத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்தவரும் அவர்தான்; செய்துகொள்ளவில்லை. அவள் ஞானஸ்நானம் கேட்டபோது, இந்த உறவு நீடிக்கும்வரை முடியாது என்று சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்துபோனார். அதற்குப் பிறகு 1778இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கால்டுவெல் 1881இல் வெளியிட்ட மிஷன் வரலாற்றில் இவை எல்லாம் பதிவாகியிருக்கின்றன.

இந்த வரிசையை மெதுவாகப் பார்க்கலாம். மணம் செய்யத் தவறியவர் அவர். வாசலில் நிற்க வேண்டியிருந்தது அவளுக்கு. அந்த உறவை அவளே முறித்துக்கொண்டு வெளியேறியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 18ஆம் நூற்றாண்டில், சாதியை இழந்த ஒரு பிராமணக் கைம்பெண் வெளியேறி எந்தத் தெருவுக்குப் போவாள்? சுவார்ட்ஸ் கொடுமைக்காரர் இல்லை. அவருக்கு ஒரு விதி இருந்தது, அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். அந்த விதியின்படி அவளுடைய விசுவாசம் உண்மையா என்பது முதல் கேள்வி இல்லை. அவளுடைய கதை முடிந்துவிட்டதா என்பதே முதல் கேள்வி. அதை முடித்துவைக்க ஓர் ஆணின் சாவு வேண்டியிருந்தது. அதன் பிறகு 1780இல் பாளையங்கோட்டைச் சபையின் பெயர்ப்பட்டியல் எழுதப்பட்டபோது, நாற்பது பேரில் முதல் பெயராக அவள் பெயர் வந்தது.

அ. மாதவையா இந்தக் கதையை 1915இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். சரோஜினி பாக்கியமுத்து அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். மாதவையா நம் ஊர்ப்பக்கத்துக்காரர், 1872இல் பெருங்குளத்தில் பிறந்தவர். கிறிஸ்தவர் அல்லர், ஆனால் கைம்பெண்களுக்கு இந்தச் சமூகம் செய்ததைப் பற்றி அவருக்கு இருந்த கோபம் உண்மையானது. நாவலில் அவள் உடன்கட்டைக்கு இழுக்கப்படுகிறாள், லிட்டில்டன் சிதையிலிருந்து மீட்கிறான், பெருங்காதல் மலர்கிறது. ஆங்கிலக் காதல் நாவல்களில் நான் பார்த்த எந்த மீட்புக் காட்சிக்கும் அது குறைந்ததில்லை. ஆனால் எனக்கு அந்த அதிகாரியின் மேல் மாதவையாவுக்கு இருந்த அன்பு வரவில்லை. கிளாரிந்தாவின் வாழ்க்கையில் என்னை இழுப்பது காதல் முடிந்த பிறகு நடப்பது. சொந்தப் பணத்தைப் போட்டு, மற்றவர்களிடமும் திரட்டிக் கோட்டைக்குள் ஒரு கோயில் கட்டினாள். 1785இல் சுவார்ட்ஸ் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். தஞ்சாவூருக்கே போய், சபைக்கு உபதேசியார் வேண்டும் என்று கேட்டாள். பிள்ளைகள் படிக்க ஏற்பாடு செய்தாள். அந்தக் கோயிலைச் சனங்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். எந்தச் சாதியிலிருந்து வந்தாளோ அந்தச் சாதிப் பெயரே அவள் கட்டிய கோயிலுக்கு நிலைத்துவிட்டது, தனிக்கதை.

எங்கள் பக்கத்துப் பெண்களின் கதையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ஏமி கார்மைக்கேல். 1895இல் இந்தியாவுக்கு வந்து, 1951இல் டோனாவூரில் இறக்கும்வரை சொந்த நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பாதவர். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படும் சிறுமிகளைக் காப்பாற்றி, களக்காட்டு மலையடிவாரத்தில் 1901 முதல் அவர் வளர்த்த குடும்பத்தைப் பற்றி இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல விரும்புவது அவருடைய முதல் பெரிய புத்தகத்துக்கு நேர்ந்ததை. உள்ளது உள்ளபடி என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்தார். கதவுகள் மூடிக்கிடந்ததையும், விசுவாசிக்க விரும்பிய பெண்கள் வீட்டுக்குள் அடைக்கப்பட்டதையும், பலர் திரும்ப வராமலே போனதையும் எழுதியிருந்தார். கைப்பிரதியைப் பார்த்த மிஷன்காரர்கள் மனச்சோர்வு தருவதாக இருக்கிறது, இன்னும் உற்சாகமாக மாற்றித் தாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் மாற்றவில்லை. பெட்டியில் போட்டுவைத்தார், நண்பர்களின் முயற்சியால் அது 1903இல் அப்படியே வெளிவந்தது. முடியாத துன்பத்துக்கு மேடை இல்லை என்பது அயர்லாந்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் பொருந்தியது என்பதைத்தான் இதில் கவனிக்கிறேன்.

இருபத்தொரு வருடம் கழித்து, 1924இல், அவர் எழுதிய 'மிமோசா' நல்ல முடிவுள்ள கதை. அவருடைய புத்தகங்களிலேயே எங்கள் வீடுகளில் அதிகம் அழவைத்தது அதுதான். ஒரு சிறுமி தந்தையோடு டோனாவூருக்கு வருகிறாள். ஒரு பிற்பகல் நேரம் மட்டும் ஏசுவைப் பற்றிக் கேட்கிறாள். அங்கேயே இருந்துவிட விரும்புகிறாள், தந்தை விடவில்லை. வீட்டில் திருநீறு பூச மறுத்து அடிபடுகிறாள். கடனில் மூழ்கியவன் என்பதை மறைத்துவிட்டு ஒருவனுக்குக் கட்டிவைக்கிறார்கள். நகைகளை விற்றுக் கடனை அடைக்கிறாள், காட்டு வேலைக்குப் போகிறாள், ஒரு பிள்ளையைப் பறிகொடுக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாது, வேதப்புத்தகம் கிடையாது, கூடப் பேச ஒரு விசுவாசி கிடையாது. அந்த ஒரு பிற்பகலை வைத்துக்கொண்டு 22 வருடம் ஓட்டுகிறாள். அதன் பிறகு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு டோனாவூருக்கு வந்து சேர்கிறாள். மிமோசா அவளுடைய நிஜப் பெயர் இல்லை, கார்மைக்கேல் வைத்தது. தொட்டாற்சுருங்கிக்கும் தாவரவியலில் மிமோசா என்றுதான் பெயர். இந்தப் பெண் எதற்கும் சுருங்கியதாகத் தெரியவில்லை.

இந்தக் கதையைத் திருமணமாகி மூன்றாவது வருடத்தில் இருக்கிற ஒருத்தி வாசிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் பத்தொன்பது வருடம் பொறுத்துக்கொள் என்று கார்மைக்கேல் எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை இல்லை, கதையின் அமைப்பே சொல்லிவிடுகிறது. நகை போனதும், பிள்ளை போனதும், பரிகாசப்பட்டதும் கடைசி அத்தியாயத்தின் ஒளியில் படிகளாக மாறிவிடுகின்றன. எத்தனை மோசமான படியோ அத்தனை அழகான ஏற்றம். எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ திருமணங்களுக்கு இந்தப் புத்தகமும் இதன் சாயலில் வந்த சாட்சிகளும் முட்டுக்கொடுத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் இதை என் பெரியம்மாவிடம் சற்று வேகமாகவே சொன்னேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மிமோசாவை எத்தனை முறை படித்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏட்டி, அவ பொறுத்துக்கிட்டே கெடக்கலட்டி. பிள்ளையளக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா. அதயும் சேத்துப் படி."

எழுதியவரின் நோக்கமும் கதையின் அமைப்பும் ஒரு பக்கம் இழுத்தாலும், வாசிக்கிறவள் தனக்கு வேண்டிய இடத்தில் ஊன்றிக்கொள்வாள் என்பதை நான் எந்தக் கோட்பாட்டு நூலில் படித்ததையும்விட அன்று தெளிவாகக் கேட்டேன். ஆனாலும் பெரியம்மாவின் பதில் என் கேள்வியை முழுக்கத் தீர்க்கவில்லை. கார்மைக்கேல் 1927இல் இன்னொரு புத்தகம் எழுதினார், கொள்ளைக்காரராகிப்போன ஜம்புலிங்கத்தைப் பற்றி. காடுகளில் ஒளிந்து திரிந்தபோது கார்மைக்கேலைச் சந்தித்து மனம் மாறியவர். 1923இல் போலீசாரின் கையில் உயிர்விட்டவர். நம் நாட்டுப்புறக் கதைப்பாடல்களும் அவரைப் பாடுகின்றன. அவர் கதை நல்லபடியாக முடியவில்லை. விடுதலை கிடைக்கவில்லை, வழக்கு தீரவில்லை, குடும்பம் கூடவில்லை. ஆனாலும் அது ஊக்கமூட்டும் கதையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆண் பாதிவழியில் செத்துவிழுந்தாலும் அது சாட்சிதான். அதே ஊழியத்தின் அதே பேனாவிலிருந்து வந்த பெண்ணின் கதைக்கு மட்டும் வந்து சேர்தல் வேண்டியிருந்தது. சேராமலே போன மிமோசாக்களுக்குப் புத்தகம் இல்லை.

துப்பறியும் நாவலுக்கு வருகிறேன். அந்த வகையின் பாட்டி என்று சூசன்னாவின் கதையைச் சொல்வார்கள். டோரதி சேயர்ஸ் 1928இல் தொகுத்த துப்பறியும் கதைத் திரட்டிலேயே அதைச் சேர்த்திருக்கிறார். தோட்டத்தில் குளிக்கப்போன சூசன்னாவை இரண்டு முதியவர்கள், அதாவது நீதிபதிகள், மிரட்டுகிறார்கள். அவள் இணங்கவில்லை. வாலிபன் ஒருவனோடு கண்டோம் என்று பொய்ச்சாட்சி சொல்கிறார்கள். சபை நம்பி மரணத்தீர்ப்புக் கொடுக்கிறது. அப்போது தானியேல் என்ற இளைஞன் இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று தனித்தனியே கேட்கிறான். ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். இந்தக் கதை கத்தோலிக்கர்களின் வேதாகமத்தில் தானியேல் நூலின் 13ஆம் அதிகாரம். எங்கள் சீர்திருத்தச் சபை வேதாகமத்தில் தானியேல் 12ஆம் அதிகாரத்தோடு முடிந்துவிடுகிறது. ஆகவே உவரியிலும் மணப்பாட்டிலும் உள்ள மீனவப் பெண்ணுக்கு வேதத்திலேயே கிடைக்கிற ஒரு கதை, பாளையங்கோட்டையில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் பெண்ணுக்குக் கிடைக்காது. பெரியவர்கள் பொய் சொல்வார்கள், குறுக்குக் கேள்வி கேட்டால் பிடிபடுவார்கள் என்கிற கதை அது.

அந்தக் கதை ஏன் முக்கியம்? காதல் நாவலில் துன்பத்துக்கு ஒரு நோக்கம் இருக்கும். துப்பறியும் நாவலில் துன்பத்துக்கு ஓர் ஆள் இருப்பான். பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி கழுத்துவரை சேலையால் மூடிக்கொண்டு நின்று, ஸ்டவ் வெடித்த அன்று கர்த்தர் தன் உயிரைக் காத்த விதத்தைச் சொல்வாள். கேட்கிற எல்லோரும் கண்ணைத் துடைப்போம். ஸ்டவ்வைப் பற்றவைத்தது யார் என்று கேட்பது அந்த இடத்தில் அவிசுவாசம். ஆனால் அதே பெண்கள் வீட்டுக்குப் போய் ஒரு கொலை நாவலை எடுத்தால், முதல் பக்கத்திலிருந்து அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்பார்கள்: யார்? செஸ்டர்டனின் பிரவுன் பாதிரியார் கொலையாளிகளைக் கண்டுபிடிப்பதே, பாவசங்கீர்த்தனக் கூண்டில் உட்கார்ந்து மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று கேட்டுப் பழகியதால்தான். எங்கள் பெண்களுக்கும் அந்த அறிவு உண்டு. ஜெப விண்ணப்பச் சீட்டுகளை வாங்கி அடுக்கிற மூத்த சகோதரியைப்போல ஊர் விவகாரம் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்?

துப்பறியும் நாவலைத் தூக்கிவைத்துக்கொண்டு ஆடவும் மனம் வரவில்லை. சூசன்னாவை யாரும் விசாரிக்கவே இல்லை. அவள் கடவுளிடம் கதறினாள், அவ்வளவுதான். அவளைக் காப்பாற்றியது அவளுடைய சாட்சி இல்லை; இரண்டு ஆண்களின் சாட்சி ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் போனது. அதிகாரம் முடியும்போது புகழ் தானியேலுக்குப் போகிறது. தீர்ப்புக்குப் பிறகு, தன்னைக் கல்லெறிந்து கொல்லச் சம்மதித்த அதே ஊரில் அவள் தண்ணீர் எடுக்கப் போயிருக்க வேண்டும். அந்தக் காலைப்பொழுதை எழுத ஆளில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை, சாட்சி வேளையில் ஒரு பெண் எழுந்தாள். நாற்பதைத் தாண்டியிருக்கும். "போன வாரமும் அடிச்சாவ. இன்னைக்கி ராத்திரியும் அடிப்பாவ. முடிஞ்ச கதைன்னு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. சொல்லணும்போல இருந்திச்சி" என்றாள். அடிக்கிறவருக்கும் எங்கள் தமிழில் மரியாதைப் பன்மை தவறாது. கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு முன்வரிசையில் இருந்து ஒருவர் பாட்டைத் தொடங்கினார். நல்ல குரல். எல்லோரும் சேர்ந்துகொண்டோம், ஐந்து சரணங்களும் பாடி முடிவதற்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். நல்ல முடிவுள்ள கதையைக் கொடுப்பதில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். பசித்தவளுக்கு அது ஒருவேளைச் சோறு. தவறு எங்கே தொடங்குகிறது என்றால், அந்த முடிவை நுழைவுச்சீட்டாகக் கேட்கும் இடத்தில். அன்று அந்தப் பெண்ணிடம் சீட்டு இல்லை. பாட்டு என்பது அதைப் பதமாகச் சொல்லும் வழி.

அகப்பொருள் நடத்தும்போதெல்லாம் அவள் நினைவு வருகிறது. அறத்தொடு நிற்றல் என்று ஒன்று உண்டு. தலைவியின் களவு உறவைத் தோழி செவிலிக்குச் சொல்வாள், செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். தொல்காப்பியம் அதற்கு ஏழு வகை சொல்கிறது. உண்மையை அப்படியே சொல்லிவிடுவதும் அதில் ஒன்று. எப்போது சொல்வார்கள்? எல்லாம் சுகமாக முடிந்த பிறகா? வெறியாடல் நடக்கிறது, வேற்றுமணத்துக்குப் பேச்சு நடக்கிறது, தலைவி இற்செறிக்கப்பட்டு இளைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நெருக்கடியின் நட்டநடுவில். அதற்குத்தான் அறம் என்று பெயர். பொறுத்துக்கொண்டிருப்பதை அந்த இடத்தில் யாரும் அறம் என்று சொல்லவில்லை. நம் இலக்கணிகளைப் பெண்ணியர் ஆக்கிவிட இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கும் கடைசியில் கற்பில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் குறி. ஆனால் குறுந்தொகை 25ஆம் பாட்டைப் பாருங்கள். கபிலர் பாடியது. அவன் அவளோடு கூடிய நாளில் வேறு யாரும் இல்லை, ஓடுநீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த ஒரு குருகைத் தவிர. அவன் பொய்த்தால் அவள் என்ன செய்வாள்? காதல் இருக்கிறது, குற்றம் இருக்கிறது, குற்றவாளி இருக்கிறான், சாட்சிக்கு வாய்பேசாத ஒரு பறவை இருக்கிறது. ஐந்தே அடி. அவன் வந்தானா என்று பாட்டு சொல்லவில்லை. இரண்டாயிரம் வருடமாக அவளை யாரும் பாட்டுப் பாடி உட்காரவைக்கவில்லை.

இரண்டு வகைகளும் ஒரு பெண்ணின் கையில் ஒன்றாகச் சேர்ந்தது 1964இல், ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' நாவலில். நம் எல்லையைத் தாண்டிக் குமரி மாவட்டத்துக் கதை, ஆனால் பனையும் வேதப்புத்தகமும் ஒன்றுதான். நொடித்துப்போன பெரிய வீட்டுப் பெண் லிஸி, வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் வைக்கப்படுகிறாள். இற்செறிப்பு என்ற சொல்லை வகுப்பில் விளக்க எனக்கு லிஸியைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. பனையேறியின் மகன் தங்கராஜ் மீது அவளுக்கு அன்பு. பிறகு ஒரு கொலை; பழி தங்கராஜ் மேல். கொலையாளி யார் என்று வாசிக்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். கடைசியில் திருமணமும் உண்டு. ஹெப்சிபா ஆழ்ந்த விசுவாசி. ஆனாலும் அந்த மகிழ்ச்சியான முடிவு வந்த பிறகும் லிஸி அறைக்குள் கழித்த வருடங்கள் எதற்கும் ஈடாகவோ எதற்கும் படியாகவோ மாறுவதில்லை. அவை வெறும் வருடங்கள். வீட்டுக்காரர்கள் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவை. நல்ல முடிவு தந்தும் நுழைவுச்சீட்டுக் கேட்காத நாவல் என்று இதைத்தான் சொல்வேன்.

எங்கள் கல்லூரியில் இப்போது சுற்றுவது ஃபிரான்சின் ரிவர்ஸின் 'ரிடீமிங் லவ்'. 2022இல் படமும் வந்துவிட்டதால் தேவை கூடிவிட்டது. வேதத்தில் உள்ள ஓசியா தீர்க்கதரிசியின் கதையை 1850இன் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன நாவல். சிறுவயதில் விற்கப்பட்ட ஏஞ்சலைக் கடவுளின் கட்டளைப்படி மைக்கேல் மணக்கிறான். அவள் ஓடுகிறாள், அவன் மறுபடியும் கூட்டிவருகிறான். மூலத்தில் ஓசியாவின் மனைவி கோமேர் தானாகப் பேசும் ஒரு வாக்கியம்கூட இல்லை. அவள் சொன்னதாகப் பிறர் சொல்வதுதான் உண்டு. ரிவர்ஸ் அவளுக்கு வாய் கொடுத்தார், கோபம் கொடுத்தார். அதற்காக அவருக்கு என் வணக்கம். கதையின் பிற்பகுதியில் ஏஞ்சல் சில வருடங்கள் சான்பிரான்சிஸ்கோவில் தனியே இருந்து, தன்னைப்போல விற்கப்பட்ட பெண்களுக்காக ஒரு வீடு நடத்துகிறாள். கிளாரிந்தா கோயில் கட்டிய வருடங்களுக்குச் சமமான வருடங்கள் அவை. நாவல் அவற்றை அவசரமாகக் கடந்து, அவளை மைக்கேலின் நிலத்துக்குத் திரும்பி நடக்கவைக்கிறது. 

முதுகலை மாணவி ஒருத்தி போன பருவத்தில் இதைப் பற்றிப் பேச வந்தாள். "அவ அந்த வீட்டையே நடத்திக்கிட்டு இருந்திருக்கலாம்ல மேம்? நல்லாத்தானே போய்க்கிட்டிருந்திச்சி?" என்று கேட்டாள். நான் பதில் யோசிப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்: "ஆனா அவ திரும்பிப் போனப்ப எனக்கு அழுகைய அடக்க முடியல." எனக்கும் அந்த இடத்தில் கண் கலங்கியிருக்கிறது, ஒவ்வொரு முறையும். அது அன்பு கிடைத்ததற்கான அழுகையா, ஓடி ஓடிக் களைத்தவள் ஒருவழியாக நின்றுவிட்டதற்கான அழுகையா என்று நாங்கள் பேசத் தொடங்கினோம். அவள் முதலாவது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தன் அம்மா படித்தால் இரண்டாவது என்பார் என்றாள். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. புத்தகத்தைத் துறை நூலகத்தில் வைத்துவிட்டுப் போகிறாயா என்று கேட்டேன். விடுதியில் இன்னும் ஏழு பேர் வரிசையில் இருக்கிறார்கள் என்று பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினாள்.